செபநாயகம் கெடுத்த படம்

குருநகரில் போட் எஞ்சின் திருத்துகிற செபநாயகத்துக்கு குடியில்லை, சீட்டில்லை, ஊர்வம்பில்லை. ஆனால் விசர் ஒன்று இருந்தது. பழைய ஜேர்மன் கமெரா விசர். அதுவும் எல்லாக் கமெராவும் இல்லை. முகத்தில் மேலொன்று கீழொன்றாக இரண்டு லென்ஸ் இருக்கும், நெஞ்சுக்கு நேரே பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், அந்தப் பெட்டிக் கமெரா மட்டும்தான் அவருக்கு கமெரா. மற்றதெல்லாம் அவருடைய கணக்கில் விளையாட்டுச் சாமான்.

இந்த விசர் தொடங்கியது இருபது வருடங்களுக்கு முன்பு. பட்டினத்தில் ஒரு ஸ்ரூடியோவை மூடி, வேண்டாததை எல்லாம் வாசலில் குவித்துவிட்டார்கள். அந்தக் குவியலுக்குள் பூஞ்சணம் பிடித்த ஒரு றொலிகோட் பெட்டிக் கமெரா கிடந்தது. மனுசன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, காபரேற்றர் கழற்றுகிற அதே கையால் கழற்றினார். சட்டருக்குள் தகட்டிதழ்கள் பழைய எண்ணெயில் ஒட்டிப்போய்க் கிடந்தன. பென்சீனில் கழுவித் துடைத்துப் பூட்டி விசையைத் தட்டினார். டிக் என்றது. ஐம்பது குதிரைவலு எஞ்சினை உறுமவைத்தபோதுகூட வராத சந்தோசம் அந்த ஒரு டிக்கில் வந்துவிட்டது. அன்றைக்குக் கவிழ்ந்த ஆள்தான், பிறகு எழும்பவேயில்லை.

இப்போது பதினொரு கமெரா. அவை இருப்பது மனைவி ஜெனிற்றாவுக்குச் சீதனமாக வந்த கண்ணாடி அலுமாரியில். அந்த அலுமாரியின் பீங்கான் கோப்பைகள் இப்போது கட்டிலுக்குக் கீழே கடதாசிப் பெட்டியில் கிடக்கின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும் ஜெனிற்றா முதலில் சொல்வது அதைத்தான்.

செபநாயகத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். லென்ஸைச் சாறத்து நுனியால் துடைத்தவனைப் பார்த்து, "உன்ரை கண்ணையும் உதாலை துடை, பாப்பம்!" என்று கத்துவார். பிலிம் கழுவுவதில் அதைவிட மோசம். யாழ்ப்பாணத்து வெக்கையில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பிலிமில் இருக்கிற படம் இளகிப்போய் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதற்காக மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடத்தில் ஒரு கட்டி வாங்கி, வாளியில் போட்டு, இருபது பாகைக்கு வரும்வரை வெப்பமானியும் கையுமாக நிற்பார். "ஐஸ் இல்லாமல் பிலிம் கழுவுறவன் கொலைகாரன்" என்பது அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த வசனம். குருநகரில் சின்னப் பிள்ளைகூட அதைப் பாடமாக்கி வைத்திருந்தது.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவருடைய கேற்றில் ஒரு வயதான பெண் வந்து நின்றாள். நெற்றியில் திருநீறு. நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிஸ்கற் ரின். புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பெயர் ஞானாம்பிகை, வயது எழுபத்தாறு.

"நீங்கள்தானோ தம்பி பழைய கமெரா திருத்துறது?"

"ஓம் அம்மா, உள்ளுக்கு வாங்கோ. திருத்தவோ விக்கவோ?"

"ரெண்டுமில்லை. உள்ளுக்கை என்ரை பிள்ளை இருக்கிறான். எடுத்துத் தரவேணும்."

செபநாயகம் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் ரின்னைத் திறந்து, பழைய சீலைத் துண்டைப் பிரித்தாள். பழைய மாடல் றொலிகோட் ஒன்று. தோல் உரிந்திருந்தது, ஆனால் லென்ஸ் இரண்டும் கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தன. ஜெனிற்றா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். ஞானாம்பிகை கதையைச் சொன்னாள்.

தொண்ணூற்றைந்தில் ஜேர்மனியில் இருந்த மைத்துனன் யாரிடமோ அந்தக் கமெராவைக் கொடுத்தனுப்பினான். பற்றறி தேவையில்லாத கமெரா, பற்றறியே கண்ணில் காணாத காலம் அது. புருசன் தியாகராசா வெங்காயத் தோட்டம் செய்கிற ஆள், கமெராவை அதற்கு முன் தொட்டும் பார்த்ததில்லை. ஒரு பிலிமைத் தேடிப்பிடித்துத் தானே போட்டு, தானே ஆறு படம் எடுத்தார். முதலாவது மாடு. மற்ற ஐந்தும் மகன் சிவகரன், அப்போது அவனுக்குப் பதினாறு. அடுத்த கிழமை சண்டை நெருங்கி, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. வன்னியில் மாசி மாதம் மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறி நாலே நாளில் பிள்ளை போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் வீடு எரிந்து கிடந்தது.

"ஒரு படமும் இல்லை தம்பி. பள்ளிக்கூடத்திலும் இல்லை, சொந்தக்காரரிட்டையும் இல்லை. இதுக்கை இருக்கிற அஞ்சுதான்."

"இவ்வளவு காலமும் ஏன் அம்மா கழுவாமல் வைச்சிருந்தனீங்கள்?"

"இவர் விடேல்லை. கழுவப்போய்ப் பழுதாப்போச்செண்டால் என்ன செய்யிறது எண்டு கேட்டார். எனக்கும் பயம்தான். உள்ளுக்கை இருக்கிறான்தானே எண்டு இருந்திட்டம். இவரும் போய் எட்டு வருசமாச்சு."

"இப்ப மட்டும் என்னெண்டு மனம் வந்தது?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அவன்ரை முகம் மறந்துபோச்சு."

 ஜெனிற்றா வாயில் கையை வைத்தாள். பெற்ற தாய்க்குப் பிள்ளையின் முகம் மறக்குமா? மறக்குமாம். அதை அவள் அழாமல், வெங்காய விலை சொல்வதுபோலச் சொன்னாளே, அதுதான் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரையும் உலுக்கிவிட்டது.

"குரல் இருக்கு. நடை இருக்கு. தோட்டத்துக்குப் போற முதுகு இருக்கு. இஞ்சாலை திரும்படா எண்டு கூப்பிட்டால் திரும்புறான், ஆனால் முகம் இருக்கிற இடத்திலை ஒண்டும் இல்லை. போன தை மாசம் வரைக்கும் கொஞ்சம் இருந்தது. சாகமுந்தி ஒருக்கால் பாக்கவேணும் தம்பி."

அப்போது செபநாயகம் ஒரு வேலை செய்தார். செய்திருக்கவே கூடாது. கமெராவின் குமிழை மெல்லத் திருகிப் பார்த்தார். பிலிமின் இழுவை விரலுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருக்கிற எண்ணி இலக்கம் ஏழில் நின்றது, அவள் சொன்ன ஆறு படமும் சரியாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில் நாக்கு முந்திவிட்டது.

"கடவுளாணை அம்மா, ஒரு கீறல் விழாமல் எடுத்துத் தருவன். வாற செவ்வாய் வாங்கோ."

அன்றைக்குப் பின்னேரமே தொடங்கினார். வெளிச்சம் படாமல் கமெராவைத் திறக்க அவரிடம் ஒரு கறுப்புத் துணிப்பை உண்டு. பங்குத் தந்தையின் பழைய அங்கியை இரண்டு மடிப்பாக வைத்து ஜெனிற்றா தைத்தது. கமெராவையும் பிலிம் கழுவுகிற மூடிபோட்ட தாங்கியையும் உள்ளே வைத்து மூடி, இரண்டு கைகளையும் பையின் கைவழியே நுழைத்தார். இனி எல்லாம் விரல்தான்.

பின்கதவின் கொளுவியைக் கழற்றினார். கதவு திறந்தது. உள்ளே முதலில் விரலில் படவேண்டியது காகிதம். இந்தப் பிலிமுக்கு முதுகில் நீளமாக ஒரு காகிதம் இருக்கும், வெளிச்சம் பின்னால் வராமல் காக்கிற காகிதம். பிலிம் லென்ஸைப் பார்க்கும், காகிதம் பின்கதவைப் பார்க்கும். கமெரா பிடிக்கிற எவனுக்கும் இது தெரியும்.

விரலில் வழுவழுவென்று பிலிம் பட்டது.

அவருக்கு விளங்கவில்லை. விரலைத் தேய்த்தார். பிலிம்தான். ஒரு விரலைப் பிலிமின் ஓரத்தால் மற்றப் பக்கத்துக்கு, லென்ஸ் பார்க்கிற பக்கத்துக்குக் கொண்டுபோனார். அங்கே சொரசொரவென்று காகிதம். மாதாவே! பிலிமை மறுபக்கமாகப் போட்டிருக்கிறான் மனுசன்! எழுத்தும் அம்புக்குறியும் இருக்கிற பக்கம்தான் முகம் என்று நினைத்து, எழுத்தை லென்ஸுக்குக் காட்டிவிட்டான். பின்கதவில் இலக்கம் பார்க்கிற சிவப்புக் கண்ணாடி ஓட்டையில் ஒன்றும் தெரிந்திருக்காது, அதையும் யோசிக்காமல் குருட்டுவாக்கில் சுற்றியிருக்கிறான். மாட்டின் வெளிச்சமும் பிள்ளையின் வெளிச்சமும் லென்ஸுக்குள்ளால் வந்து, காகிதத்தில் விழுந்து, அதோடு சரி.

மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் எடுக்க. தியாகராசா குனிந்து மேல் கண்ணாடியில் மகனைப் பார்த்திருப்பார். பிள்ளை அங்கே துலாம்பரமாகத் தெரிந்து, சிரித்துக்கொண்டு நின்றிருப்பான். கீழே ஒன்றுமே பதியவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? செபநாயகத்துக்கு மேலெல்லாம் வேர்த்தது. கையை வெளியே எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் உள்ளே வெளிச்சம் போய்விடும். இல்லாத படத்தில் வெளிச்சம் பட்டால் என்ன என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. பைக்குள் இரண்டு கையையும் விட்டபடி, விலங்கு போட்ட ஆளைப்போல இருந்தார்.

ஜெனிற்றா எட்டிப் பார்த்தாள். "என்ன, முகம் செத்துப்போச்சு? நெஞ்சுக்கை ஏதும் செய்யுதோ?"

"பிள்ளை இல்லை ஜெனிற்றா."

"எந்தப் பிள்ளை?"

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

இருந்தும் கழுவினார். ஐஸ் வாங்கி, இருபது பாகைக்குக் கொண்டுவந்து, நிமிடம் பார்த்து, ஒரு குறையும் இல்லாமல் கழுவினார். வேறென்ன செய்வது? பிலிமை எடுத்து யன்னலில் பிடித்தபோது ஓரிடத்தில் வட்டமாக ஒரு கறுப்புத் தெரிந்தது. தலை!  பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சிவப்புக் கண்ணாடி ஓட்டையால் கசிந்த வெளிச்சத்தின் கறை. மற்றதெல்லாம் நுனியிலிருந்து நுனிவரை புகை பிடித்த கண்ணாடிபோல ஒரே மங்கல்.

அந்தக் கிழமை முழுவதும் எஞ்சின் வேலை ஒன்றும் ஓடவில்லை. ஜெனிற்றா தெளிவாகச் சொன்னாள். "உள்ளதைச் சொல்லுங்கோ. பிழை விட்டது அவவின்ரை மனுசன். நீங்கள் ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்?" செபநாயகமும் அதற்கு ஒத்துக்கொண்டார். எப்படி மெதுவாகச் சொல்வது என்று குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் சொல்லிப் பார்த்தார். பிலிமையும் காகிதத்தையும் எடுத்துவைத்தார், காட்டி விளங்கப்படுத்த.

செவ்வாய்க்கிழமை ஞானாம்பிகை வந்தாள். தலைக்குத் தோய்ந்து, புதுச்சேலை உடுத்தி வந்தாள். கையில் மருதனார்மடத்தில் வாங்கிய ஒரு கண்ணாடிச் சட்டம், விலைத்துண்டு இன்னும் கிழிக்கவில்லை. கதிரையில் இருந்தாள். செபநாயகம் வாயைத் திறக்கமுதல் அவளே தொடங்கிவிட்டாள்.

"தம்பி, படத்தைக் காட்டமுந்தி ஒண்டு சொல்லவேணும். இவருக்கும் சொல்லேல்லை. வெளிக்கிட்ட அண்டைக்கு ஆளுக்கொரு பாக்தான். நான் என்ரை பாக்குக்கை அல்பத்தை வைச்சிட்டன். பிறந்ததிலை இருந்து அவன்ரை படம் முழுக்க அதிலை. பிறகு இவர் இந்தக் கமெராவைக் கொண்டந்து தந்தார். ரெண்டுக்கும் இடமில்லை. நான்தான் அல்பத்தை எடுத்துக் கட்டிலிலை வைச்சன். அதிலை சின்னப் பிள்ளைதானே, இதிலை வளந்தவன் எல்லோ எண்டு. என்ரை கையாலை வைச்சிட்டு வந்தனான். அது அங்கையே எரிஞ்சுபோச்சு. இருவத்தொன்பது வருசம், நான் செய்தது சரியோ பிழையோ எண்டு ஒரு நாள் ஒழுங்கா நித்திரை இல்லை. இண்டைக்கு அது தெரிஞ்சிடும்."

 ஒரு கிழமையாகச் சொல்லிப் பார்த்த வசனம் அத்தனையும் இனிச் செபநாயகத்துக்கு உதவாது. காட்டவென்று எடுத்துவைத்த காகிதம் மேசையில் கிடந்தது. அதைக் கையால் தட்டிக் கீழே தள்ளினார்.

"அம்மா, என்ரை பிழை."

"என்ன தம்பி?"

"கழுவேக்கை ஐஸ் போட மறந்திட்டன். தண்ணி சூடு. படம் கரைஞ்சுபோச்சு."

தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த ஜெனிற்றா கதவடியில் நின்றாள். அவள் புருசனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜெனிற்றா தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினாள்.

ஞானாம்பிகை பிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பார்த்தாள். பிலிம் தெரிந்தவன் எவனாவது பக்கத்தில் இருந்திருந்தால் பொய் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். அவளுக்குத் தெரியாது. பிலிமை மடியில் வைத்தாள்.

"இருந்தவனோ?" என்று கேட்டாள். "கரையமுந்தி, அவன் இதிலை இருந்தவனோ?"

"ஓம் அம்மா. இருந்தவர்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்யோடு முடியும் என்று நினைத்த மனுசன்.

"ஈரத்தோடை ஒருக்காக் கண்டனான். கொஞ்ச நேரம்தான்."

"எப்பிடி நிண்டவன்? சிரிச்சவனோ?"

"ஓம். சிரிச்சுக்கொண்டு."

"பல்லுத் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சது அம்மா."

"முன்பல்லு ஒண்டு மூலை உடைஞ்சிருக்கும்..."

"ஓம், உடைஞ்சிருந்தது."

"எந்தப் பக்கம்?"

யேசுவே!  "வலது" என்றார்.

அவளுடைய புருவம் சுருங்கியது. "இடதெல்லோ? கிணத்துக்கட்டிலை விழுந்தவன். இடதுதான்."

"பிலிமைப் பின்பக்கமாப் பிடிச்சால் இடம் வலமாத் தெரியும் அம்மா." அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

"ஓமோம், இடது," என்றாள் அவள். அதற்குப் பிறகு அவள் அவரைக் கேட்கவில்லை, தானே சொல்லிக்கொண்டு போனாள். "புருவம் ரெண்டும் நடுவிலை கிட்டத்தட்ட ஒட்டும். தேப்பன்ரை காது, விரிஞ்ச காது. அதுக்காகவே தலைமயிரை வளத்துக் காதை மூடுவான், நான் பேசுவன். மேலுதட்டிலை அப்பதான் பூனைமயிர். சிரிச்சால் இடக்கண் மற்றதைவிடச் சின்னனாப் போகும். ஓமெல்லோ?"

"ஓம் அம்மா. சின்னனாப் போகுது."

"நாடியிலை ஒரு குழி."

"ஓம்."

அவள் கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வந்து கன்னத்தில் இறங்கியது. வாய் மட்டும் சிரித்தது. எதிரே யாரோ வந்து நிற்பதுபோல முகத்தை நிமிர்த்தினாள். "வந்திட்டான்," என்றாள். "வந்திட்டான், வந்திட்டான்." ஜெனிற்றா சுவரில் சாய்ந்து விம்மினாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது. பிறகு கண்ணைத் திறந்து செபநாயகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவர் தன்னுடைய வாழ்நாளில் யாரிடமும் வாங்கியதில்லை.

"இந்த முகத்தையோடா நீ ஐஸ் போடாமல் கரைச்சனீ?"

செபநாயகம் தலை குனிந்தார்.

"நான் சுமந்து காப்பாத்திக் கொண்டந்தனான். நான் செய்தது சரிதான். நீ கெடுத்துப்போட்டாய். சாகுமட்டும் உன்னை நான் மன்னிக்க மாட்டன்."

"ஓம் அம்மா," என்றார் அவர்.

அவள் பிலிமையும் கமெராவையும் ரின்னில் வைத்து எடுத்துக்கொண்டாள், வெறும் சட்டத்தையும் எடுத்துக்கொண்டாள். கேற்றடிவரை கூடப்போன ஜெனிற்றாவின் கையை உதறினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு வலிகாமத்திலிருந்து ஒரு கமெராகூட செபநாயகத்திடம் வரவில்லை. செய்தி அப்படிப் பரவிவிட்டது. கோயில் பெரியநாளுக்கு முந்தி பாவசங்கீர்த்தனத்துக்குப் போன மனுசன், சுவாமியாரிடம் மற்றப் பாவமெல்லாம் சொல்லிவிட்டு இதை மட்டும் சொல்லாமல் எழும்பி வந்தார். ஜெனிற்றா கேட்டதற்கு, மனம் வருந்தினால்தானே சொல்லலாம் என்றார்.

போன மாதம் மரக்கறி வாங்க மருதனார்மடச் சந்தைக்குப் போயிருந்தார்கள். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த புத்தூர்க்காரன் தராசை அந்தரத்தில் பிடித்தபடி அவரை உற்றுப் பார்த்தான்.

"நீங்கள் குருநகர் கமெராக்காரர் எல்லோ? ஞானாம்பிகை மாமியின்ரை மகன்ரை படத்தை ஐஸ் போடாமல் கெடுத்த ஆள்?"

சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள். ஜெனிற்றாவுக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தாள். செபநாயகம் அவளுடைய கையைப் பிடித்து அமத்தினார்.

"ஓம் தம்பி," என்றார். "நான்தான்."